1984 அம்பாசடரில் மின்னணு வேகமானி: சென்சாரை எங்கே மாட்டுவது, எந்த எண்ணைக் கொடுப்பது?

மருதமலைச்சாரல் | சனி, இரவு 9:12

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 1984 மார்க் 4 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, நான்கு கியர். மீட்டர் கேபிளின் உள்கம்பி சதுர முனையில் அறுந்துவிட்டது. மாற்றாக வாங்கிய இரண்டு கேபிள்களும் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. அதனால் மின்னணு வேகமானி ஒன்றை வாங்கினேன். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணை நாமே அதில் பதிக்க வேண்டும்.

செய்தது இதுதான். கியர் பாக்ஸிலிருந்து பின்அச்சுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நடுப்பகுதியில் நான்கு சிறு நியோடைமியம் காந்தங்களை எபாக்ஸி பசையால் ஒட்டினேன். மேலே தரைத்தகட்டில், காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு தரும் ஹால் சென்சார். பின்பக்கம் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கையால் 10 சுற்றுச் சுற்றினேன். ஷாஃப்ட் ஏறத்தாழ 22.8 சுற்று சுற்றியது. ஆகவே விகிதம் 2.28. டயர் 165/80 ஆர் 15. அளவை வைத்துக் கணக்கிட்டால் சுற்றளவு 2.026 மீட்டர். கிலோமீட்டருக்கு 493.6 சக்கரச் சுற்று. 493.6 × 2.28 × 4 = 4,501. அதனால் 4,500 என்று பதித்தேன்.

இரண்டு சிக்கல்கள். கைபேசி ஜிபிஎஸ் 40 காட்டும்போது மீட்டர் 82 காட்டுகிறது. இரண்டாவது, வண்டி நின்ற இடத்தில் நிற்க, ஆக்சிலரேட்டரை மிதித்தால் மீட்டர் 30 வரை துள்ளுகிறது. இணையத்தில் வேறொரு அம்பாசடர்காரர் தன் எண் 8,000 என்று எழுதியிருக்கிறார். அதையே பதித்துவிடலாமா?

---

கரிக்கை | சனி, இரவு 10:03

தம்பி, அந்த 8,000-ஐத் தொடாதீர்கள். அது அவர் வண்டியின் எண். அவர் டயர் வேறாக இருக்கும், டிஃபரன்ஷியல் (ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) பல் வேறாக இருக்கும், எத்தனை காந்தம் ஒட்டினார் என்பதும் நமக்குத் தெரியாது. 30 வருடமாகப் பட்டறையில் நிற்கிறேன். அம்பாசடர் இரண்டு ஒன்றுபோல இருந்து நான் பார்த்ததில்லை. உங்கள் வண்டியின் எண் உங்கள் வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது.

உங்கள் தவறு எங்கே என்று சொல்கிறேன். ஒரு சக்கரம் தரையில், ஒரு சக்கரம் காற்றில். காற்றில் இருப்பதை மட்டும் சுற்றினீர்கள். டிஃபரன்ஷியலுக்குள் சுழலும் கூடு இரண்டு சக்கரங்களின் சராசரிக்குத்தான் சுற்றும். ஒன்று 10 சுற்று, மற்றது சுழி. கூடு 5 சுற்று. அந்த 5 சுற்றுக்குத்தான் ஷாஃப்ட் 22.8 சுற்றியிருக்கிறது. உண்மையான விகிதம் அதைப் போல இரு மடங்கு. மீட்டர் இரு மடங்கு காட்டுவதற்கு இதுவே காரணம்.

மறுபடி அளந்து பாருங்கள். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். அச்சுக்கு அடியில் தாங்கி கொடுங்கள். ஷாஃப்ட்டில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேராகத் தரைத்தகட்டில் ஒரு கோடு. ஒருவர் சக்கரத்தைச் சரியாக 20 சுற்றுச் சுற்றட்டும், இன்னொருவர் ஷாஃப்ட்டை எண்ணட்டும். வரும் எண்ணைப் பத்தால் வகுத்துவிடுங்கள்.

---

ஈயப்பொட்டு | சனி, இரவு 11:20

இரண்டாவது சிக்கலைப் பார்ப்போம். வண்டி நிற்கிறது, காந்தம் நகரவில்லை, ஆனாலும் மீட்டர் துள்ளுகிறது. அப்படியானால் மீட்டர் எண்ணுவது காந்தத்தை அல்ல, தீப்பொறியை. ஒரு சோதனை செய்யுங்கள்: இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, வண்டியை நான்கு பேர் தள்ளுங்கள். மீட்டர் ஒழுங்காக ஏறி இறங்கினால் சென்சார் நலமாக இருக்கிறது, நோய் கம்பியில்தான்.

மூன்று கேள்விகள். சென்சாரின் சிக்னல் கம்பி எந்த வழியாகப் போகிறது? உலோக வலை உறையிட்ட கம்பியா, சாதாரணக் கம்பியா? சிக்னலுக்கும் மின்னழுத்தக் கம்பிக்கும் நடுவே எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட்டீர்கள்?

பெரும்பாலான ஹால் சென்சார்களில் வெளிவரும் முனை திறந்த கலெக்டர் வகை. அது சிக்னலை எர்த்துக்கு இழுக்க மட்டுமே செய்யும், மேலே தூக்காது. தூக்குவது அந்த ரெசிஸ்டரின் வேலை. 10 கிலோ ஓம் போட்டால் மேசை மேல் நன்றாக வேலை செய்யும். மூன்று மீட்டர் கம்பி, தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் போகும் வண்டியில் அந்தப் பிடி போதாது. 2.2 கிலோ ஓம் போடுங்கள்.

---

மருதமலைச்சாரல் | ஞாயிறு, காலை 7:45

கரிக்கை அண்ணா, இருபது வருடம் அந்த வண்டியில் உட்கார்ந்தும் டிஃபரன்ஷியல் இப்படி வேலை செய்கிறது என்று நேற்றுத்தான் புரிந்தது. நன்றி.

ஈயப்பொட்டு ஐயா, சாதாரணக் கம்பிதான். தீச்சுவரில் (இன்ஜின் அறைக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள தகட்டில்) இருக்கும் பெரிய துளை வழியாக, இக்னிஷன் காயிலுக்குப் போகும் கம்பிகளோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். ரெசிஸ்டர் 10 கிலோ ஓம். தள்ளிப் பார்த்தேன், மீட்டர் அமைதியாக 4, 5 என்று காட்டியது.

---

ஈயப்பொட்டு | ஞாயிறு, காலை 8:30

அப்படியென்றால் இங்கேயே விடை இருக்கிறது. பாயின்ட் (காயிலின் மின்சாரத்தை வெட்டும் தொடுமுனை) திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலின் முதன்மைச் சுற்றிலேயே நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும். அதோடு ஒட்டிப் படுத்திருக்கும் உங்கள் கம்பி அதைக் கேட்காமல் என்ன செய்யும்? உறையிட்ட கம்பிக்கு மாற்றி, காயிலுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுவாருங்கள். உறையை மீட்டர் முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். இரு முனையிலும் எர்த் கொடுத்தால் உறை வழியாகவே மின்னோட்டம் போகத் தொடங்கும். பிளக் வயர்கள் பழைய செம்புக் கம்பியாக இருந்தால் தடை உள்ள வகைக்கு மாற்றுவது நல்லது. மீட்டருக்கு இக்னிஷன் சாவிக்குப் பின்னாலிருந்து மின்சாரம், நடுவே 1 ஆம்பியர் ஃபியூஸ்.

இன்னொன்று. காந்தங்களின் முகத்தைப் பார்த்து ஒட்டினீர்களா? சாதாரண ஒருமுனை ஹால் சென்சார் ஒரு துருவத்தை மட்டுமே அறியும். நான்கில் ஒன்று தலைகீழாக ஒட்டப்பட்டால் அது இல்லாததுபோலவே. என் முதல் முயற்சியில் மீட்டர் கால்வாசி குறைவாகக் காட்டியது. இரண்டு நாள் எண்ணை மாற்றி மாற்றிப் பதித்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு திசைகாட்டியை ஷாஃப்ட் அருகே பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றியபோது, மூன்று முறை ஒரே பக்கம் திரும்பிய முள் நான்காவது முறை மறுபக்கம் திரும்பியது.

லாட்ச் வகை ஹால் சென்சார் என்றால் கதை தலைகீழ். அதற்கு வடக்கும் தெற்கும் மாறி மாறி வர வேண்டும். எல்லாம் ஒரே துருவமாக இருந்தால் ஒருமுறை மாறி அப்படியே நின்றுவிடும். வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பழம்பொருள் | ஞாயிறு, காலை 10:10

நடுவே வருவதற்கு மன்னியுங்கள். அந்த வண்டியின் அசல் மீட்டரை என்ன செய்தீர்கள்? அதைக் கழற்றி எறிந்துவிடவில்லை என்று நம்புகிறேன். கேபிள் முனையில் சுழலும் ஒரு காந்தம், அதைத் தொடாமல் மூடி நிற்கும் அலுமினியக் கிண்ணம், அதைப் பின்னுக்கு இழுக்கும் மயிரிழைச் சுருள். பெர்லினில் ஓட்டோ ஷுல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகு வண்டியின் ஒவ்வொரு அசல் உறுப்பும் குறைந்துகொண்டுதான் போகிறது.

கேபிள் அடிக்கடி அறுவது கேபிளின் குறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கூர்மையான வளைவு எங்காவது இருக்கிறதா? மீட்டரின் அச்சு காய்ந்துபோய் இறுகியிருக்கிறதா? மீட்டரைக் கழற்றி அந்தச் சதுரத் துளையில் ஒரு முனையை நுழைத்து விரலால் சுற்றிப் பாருங்கள். பட்டுப் போலச் சுற்ற வேண்டும். இறுகினால் எந்தக் கேபிளும் அறும்.

---

கரிக்கை | ஞாயிறு, பிற்பகல் 1:35

பழம்பொருள் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கேபிளை மட்டும் மாற்றிவிட்டு இறுகிய மீட்டரை அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் தம்பி மின்னணு மீட்டர் வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 15 வருடம் தாண்டிய வண்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போக வேண்டும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆம் விதி வேகமானியைப் பற்றியதுதான். ஓடாத மீட்டரோடு போய் நிற்க முடியாது.

என் கவலை அந்தக் காந்தங்கள். ஷாஃப்ட்டின் நடுவில் பசையால் ஒட்டியது நிற்காது தம்பி.

---

நெடுவழி | ஞாயிறு, மாலை 4:50

நான் நேர–வேக–தூர ராலிகளில் துணையோட்டுநராக வழி சொல்கிறவள். எங்களுக்கு வேகத்தைவிடத் தூரம்தான் உயிர். முன்பு ஹால்டா போன்ற இயந்திரக் கருவிகள் இருந்தன, பிறகு டெராட்ரிப் என்ற மின்னணுக் கருவி வந்தது. எல்லாவற்றுக்கும் சென்சார் இதே வேலைதான், அதனால் சொல்கிறேன்.

கரிக்கை ஐயாவின் கவலைக்குக் கணக்கு இருக்கிறது. உங்கள் விகிதத்துக்கு, 80 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுற்றும். மையத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒட்டிய பொருள் தன் எடையைப் போல 300 மடங்கு விசையோடு வெளியே பறக்கப் பார்க்கும். 2 கிராம் காந்தம் 600 கிராம் எடையாக இழுக்கிறது. பசை வெயிலிலும் எண்ணெயிலும் நனைந்தபின் எத்தனை நாள் பிடிக்கும்? புகைக்குழாய் பக்கத்தில் போகிறது என்பதையும் பாருங்கள். சாதாரண வகை நியோடைமியம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும்.

இடமும் சரியில்லை. அம்பாசடரில் பின்அச்சு பட்டை ஸ்பிரிங்கில் (லீஃப் ஸ்பிரிங்) ஆடுகிறது. ஷாஃப்ட்டின் முன்முனை கியர் பாக்ஸோடு நிற்க, பின்முனை அச்சோடு ஏறி இறங்குகிறது. நடுவில் சென்சார் வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் இடைவெளி மாறும். ஒன்று, கியர் பாக்ஸ் முனைக்கு அருகே போங்கள். அல்லது, நான் செய்வதுபோல, டிஃபரன்ஷியல் முனைக்கே போய்விடுங்கள். அங்கே பினியன் ஃபிளேஞ்சில் (ஷாஃப்ட் வந்து சேரும் தட்டில்) நான்கு போல்ட் இருக்கின்றன. காந்தமே வேண்டாம். ஆலைகளில் இரும்பை அறியப் பயன்படுத்தும் தூண்டல் வகை அண்மை உணரி, 12 மில்லிமீட்டர் மரையோடு வரும், 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும். போல்ட் தலையைப் பார்த்தே எண்ணும். அதன் தாங்கியை டிஃபரன்ஷியலின் சுழலாத வெளிக்கூட்டிலேயே பொருத்தினால் அச்சு ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடும், இடைவெளி மாறாது.

4 மில்லிமீட்டர் அறியும் உணரி என்றால் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி உணரியின் பின்னால் இருக்கும் சிறு விளக்கைப் பாருங்கள். நான்கு முறை எரிந்து, நான்கு முறை அணைய வேண்டும். அணையாமலே நின்றால் ஃபிளேஞ்சின் உடலையும் சேர்த்துப் பார்க்கிறது என்று பொருள், கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள்.

---

மருதமலைச்சாரல் | புதன், இரவு 9:40

நெடுவழி அக்கா சொன்ன வழியே செய்துவிட்டேன். காந்தங்களைப் பெயர்க்கப் போனபோது ஒன்று விரல் பட்டதும் உதிர்ந்தது. இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

விகிதத்தைத் தம்பியோடு சேர்ந்து மறுபடி அளந்தேன். சக்கரம் 20 சுற்று. ஷாஃப்ட் 45 முழுச் சுற்று, அதற்கு மேல் அரைச் சுற்றைச் சற்றே தாண்டிக் கோடு நின்றது. 4.55 அல்லது 4.56.

---

கரிக்கை | புதன், இரவு 10:15

உங்கள் டிஃபரன்ஷியலில் 41 பல் கிரவுன் (பெரிய பல்சக்கரம்), 9 பல் பினியன் (அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரம்). 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.556. பல் எண்ணிக்கை முழு எண்ணாகத்தானே இருக்கும், அதனால் உங்கள் அளவில் இருந்த சந்தேகமும் தீர்ந்தது. இனி டயர். டயர் அளவை வைத்துப் போட்ட கணக்கை விட்டுவிட்டுத் தரையில் அளந்து பாருங்கள்.

---

மருதமலைச்சாரல் | வியாழன், இரவு 8:55

இன்று மாலை அளந்தேன், விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

காலையிலேயே காற்றழுத்தத்தைச் சரிபார்த்தேன். பக்கத்துத் தெருவில் வீடு கட்டும் மேஸ்திரியிடம் 30 மீட்டர் டேப்பை வாங்கினேன். கல்யாண மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் சமமான சிமென்ட் தளம். இடது பின்சக்கரத்தின் காற்றடைக்கும் வால்வு நேர்கீழே வரும்வரை வண்டியை நகர்த்தி, அதற்கு நேராகத் தரையில் கோடு போட்டேன். நான் ஓட்டுநர் இருக்கையில், அம்மா பின்னால். ஆள் ஏறினால் டயர் நசுங்கும், வண்டி ஓடும்போது இருக்கும் நிலையில்தானே அளக்க வேண்டும். தம்பி பக்கத்தில் குனிந்தபடி நடந்து வால்வு கீழே வரும் ஒவ்வொரு முறையும் உரக்க எண்ணினான். பத்தாவது சுற்றில் நிறுத்தி மறு கோடு.

19 மீட்டர் 72 சென்டிமீட்டர். இரண்டாம் முறையும் 19.72, மூன்றாம் முறை 19.73. ஆக ஒரு சுற்று 1.972 மீட்டர். டயர் அளவை வைத்துப் போட்ட கணக்கு 2.026 என்றது. ஒரு சுற்றுக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம்!

1000 ÷ 1.972 = 507.1. அதை 4.556-ஆலும் 4-ஆலும் பெருக்கினால் 9,241. மீட்டரில் 9,240 பதித்தேன். கம்பியையும் மாற்றிவிட்டேன்: உறையிட்ட கம்பி, தனி வழி, 2.2 கிலோ ஓம். நின்ற இடத்தில் எவ்வளவு மிதித்தாலும் மீட்டர் சுழியில் அசையாமல் நிற்கிறது. ஈயப்பொட்டு ஐயாவுக்கு என் வீட்டார் அனைவரின் நன்றி.

---

நெடுவழி | வியாழன், இரவு 9:30

அருமையான அளவு. இனி சாலையில் சரிபார்க்க வேண்டும். ராலிகளில் அமைப்பாளர் தன் காரில் அளந்த ஒரு தூரத்தை வழிப்புத்தகத்தில் கொடுப்பார். நாங்கள் அந்தத் தூரத்தை ஓட்டி, எங்கள் கருவியை அவருடைய அளவோடு பொருத்திக்கொள்வோம். நீங்களும் அதையே செய்யுங்கள்.

ஒரு கிலோமீட்டர் போதாது, குறைந்தது பத்து. நேரான, நெரிசல் இல்லாத சாலை. கிலோமீட்டர் கற்களை ஒவ்வொன்றாக நம்பாதீர்கள். சாலையை நேராக்கிய இடங்களிலும் புறவழி போட்ட இடங்களிலும் இரண்டு கல்லுக்கு நடுவே ஆயிரம் மீட்டர் இருக்காது. ஜிபிஎஸ் தூரத்தையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். வேகத்தை ஒப்பிடும்போது ஒரே வேகத்தில் அரை நிமிடமாவது போன பிறகு பாருங்கள். வேகம் கூடும்போதும் குறையும்போதும் கைபேசி சற்றுப் பின்தங்கும். டயர் சூடாகட்டும், அதன் பிறகு தொடங்குங்கள்.

திருத்தம் இப்படி: பதித்த எண்ணை மீட்டர் காட்டிய தூரத்தால் பெருக்கி உண்மைத் தூரத்தால் வகுக்க வேண்டும். மீட்டர் கூடுதலாகக் காட்டினால் எண் கூடும், குறைவாகக் காட்டினால் குறையும். இதைத் தலைகீழாகச் செய்து பிழையை இரட்டிப்பாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவரை ஓட்டவிட்டு இன்னொருவர் குறித்துக்கொள்ளுங்கள்.

---

மருதமலைச்சாரல் | ஞாயிறு, காலை 11:05

அதிகாலை 5:30-க்குப் பொள்ளாச்சி சாலையில் போனோம். நான் ஓட்ட, தம்பி குறித்தான். உண்மைத் தூரம் 10.00, மீட்டர் 9.94. திரும்பி வரும்போதும் 9.94. டயர் சூடாகிக் காற்று விரிந்து உருளும் சுற்றளவு கொஞ்சம் கூடியதுதான் காரணமாக இருக்க வேண்டும். 9,240 × 9.94 ÷ 10 = 9,185.

இப்போது ஒரு கேள்வி. 9,185 என்றே வைப்பதா? கடையில் வரும் புதிய கார்களின் மீட்டர்கள் சற்றுக் கூட்டியே காட்டுகின்றனவே?

---

ஈயப்பொட்டு | ஞாயிறு, பகல் 12:20

அது தற்செயல் அல்ல. ஐக்கிய நாடுகளின் 39-ஆம் வாகன விதிமுறையில் வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை. 80-இல் போகும்போது 92 வரை காட்டினாலும் விதிக்குள் அடங்கும். புது டயர் போட்டால் சுற்றளவு கூடும், எண்ணிக்கை குறையும், மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும். அதற்கு இடம் விட்டு, மீட்டர் 2 சதவீதம் கூட்டிக் காட்டும்படி எண்ணைக் குறைத்து வையுங்கள். 9,005.

---

நெடுவழி | ஞாயிறு, பகல் 12:48

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தக் கருவியில் வேகமும் தூரமும் ஒரே எண்ணிலிருந்து வருகின்றன. 2 சதவீதம் கூட்டினால் 1,000 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பொய்யாக ஏறும். எண்ணெய் மாற்றும் கணக்கும் பெட்ரோல் கணக்கும் அதை வைத்துத்தான். இவ்வளவு பாடுபட்டு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதை ஏன் கலைக்க வேண்டும்?

---

கரிக்கை | ஞாயிறு, பிற்பகல் 2:10

இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டயர் இப்போது எந்த நிலையில் இருக்கிறது தம்பி? பாதி தேய்ந்ததா? பட்டன் (டயரில் தரையைத் தொடும் ரப்பர் மேடு) முழுசாக 8 மில்லிமீட்டர் என்றால், பாதி தேய்ந்ததற்கும் புதியதற்கும் ஆரத்தில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். உங்கள் சக்கரத்துக்கு அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு சதவீதத்தை மட்டும் விடுங்கள்.

---

மருதமலைச்சாரல் | ஞாயிறு, மாலை 6:30

ஏறத்தாழப் பாதி தேய்ந்ததுதான். 9,100 பதித்துவிட்டேன். 80-க்கு 81-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். புது டயர் போடும் அன்று மேஸ்திரி டேப்போடு மறுபடி மண்டபத்துக்கு முன்னால் நிற்பேன்.

பழம்பொருள் ஐயா, அசல் மீட்டர் அதே இடத்தில் இருக்கிறது. மின்னணு மீட்டரைக் கீழே சிறு தாங்கியில் வைத்திருக்கிறேன், டேஷ்போர்டில் ஒரு துளைகூடப் போடவில்லை. நீங்கள் சொன்னபடி பழையதைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தேன். கல் போல இறுகியிருந்தது. கேபிள்கள்மேல் இதுவரை வீணாகப் பழி போட்டிருக்கிறேன். அதில் நின்றுபோன கிலோமீட்டரையும், புதியதைத் தொடங்கிய நாளையும் வண்டிக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தேன், நாளை யார் கையில் போனாலும் கணக்கு தெரிய வேண்டும்.

---

பழம்பொருள் | ஞாயிறு, இரவு 7:15

மனம் நிறைந்தது. அந்த அச்சில் தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், கிண்ணத்துக்குள் போனால் முள் ஒட்டிக்கொள்ளும். இளகி வந்தால் கேபிளையும் மாட்டி, இரண்டு மீட்டரையும் சேர்த்தே ஓட்டலாம்.

---

கரிக்கை | ஞாயிறு, இரவு 8:00

மழை வருவதற்குள் இதையும் செய்யுங்கள். உணரியின் கம்பி அச்சிலிருந்து உடலுக்கு ஏறும் இடத்தில் ஒரு வளையம் தளர்வாக விட்டீர்களா? இல்லையென்றால் முதல் வேகத்தடையிலேயே இழுத்து அறும். இணைப்பியை அச்சின் பக்கம் வைக்காமல் உடலின் பக்கம், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். உணரியின் இரண்டு நட்டையும் இறுக்கிய பிறகு பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், தளர்ந்ததா என்று அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தெரியும்.

---

மருதமலைச்சாரல் | ஞாயிறு, இரவு 8:20

வளையம் விடவில்லை அண்ணா. நாளைக் காலை வேலைக்குப் போவதற்கு முன் முதல் வேலை அதுதான். செய்துவிட்டு அடியிலிருந்து படம் எடுத்துப் போடுகிறேன், இடைவெளி சரியா என்று நெடுவழி அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.